மிஸ்டர் என்றால் திரும்பிப் பார்ப்பார்

பலெர்மோ நகரின் ஒரேத்தோப் பகுதியில் அந்தக் கட்டடத்தின் தெருவாசலில் அழைப்பு மணிகள் இரண்டு வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பொத்தானுக்கும் பக்கத்தில் ஒரு குடும்பப் பெயர். மூன்றாம் மாடிப் பொத்தானுக்குப் பக்கத்தில் மட்டும் பெயருக்கு மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் துண்டொன்றை ஒட்டி, நீலப் பேனாவால் 'மிஸ்டர்' என்று எழுதியிருந்தார்கள். மழை பட்டு மை கொஞ்சம் கரைந்திருந்தது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, வேலை கேட்டு அந்த வாசலில் நின்றபோது, பொத்தானை அமத்த விரலைத் தூக்கிவிட்டு நான் திரும்பவும் கீழே போட்டது ஞாபகம் இருக்கிறது. பலெர்மோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மணி அடித்தால் ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல வேண்டும். முகம் தெரிந்தால் கையால் எதையாவது காட்டலாம். சுவரிலுள்ள துளைக்கு எதைக் காட்டுவது?

என்னை அங்கே அனுப்பியவர் மச்சாள், இவருடைய, அதாவது என் கணவருடைய, மூத்த அக்கா. எங்களுக்கு முன்னமே வந்து, வீடு வீடாகத் துப்புரவு வேலை செய்து, இந்த ஊரின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்து வைத்திருந்தவர். "அந்தாள் உதைபந்து பழக்கின ஆள் பிள்ளை. மனுசி செத்துப் போச்சு. மகள் மிலானிலை. சமைச்சு, தோய்ச்சு, ஆளைப் பாத்துக்கொண்டால் சரி. பகல் வேலைதான். கதைக்கத் தெரியாட்டிலும் பரவாயில்லை, அந்தாளே எல்லாருக்கும் சேத்துக் கதைக்கும்" என்று சொல்லியிருந்தார்.

அந்தப் பிளாஸ்டர் துண்டுதான் எனக்குத் துணிவு தந்தது. 'மிஸ்டர்' எனக்குத் தெரிந்த சொல். ஊரில் பத்தாம் வகுப்பு வரை படித்த ஆங்கிலம் எனக்கு ஒரு வேலையும் வாங்கித் தரவில்லை. ஆனால் இத்தாலியர் கதைக்கும்போது, பெருவெள்ளத்தில் அங்கங்கே தலைகாட்டும் கல்லுகள் போல அந்த மொழியின் சொற்கள் வந்து போகும். பார், ஸ்டொப், ஸ்போர்ட், ஃபில்ம், ஓகே. ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்துத்தான் நான் அந்த ஊரைக் கடந்தேன். எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த கன்னியாஸ்திரி சிஸ்டர், 'மிஸ்டர்' என்ற சொல்லுக்குப் பின்னால் கட்டாயம் பெயர் வரவேண்டும் என்பார். பெயரில்லாமல் அதை எழுதினால், தலையில்லாத ஆளுக்குத் தொப்பி வைத்ததுபோல இருக்கும் என்று சிவப்பு மையால் வெட்டுவார். இந்த வாசலிலோ தொப்பி மட்டும் இருந்தது. தலையைப் பிளாஸ்டர் மூடியிருந்தது.

பொத்தானை அமத்தினேன். மேலேயிருந்து ஒரு பெரிய குரல், "யார் அது?" என்றது. துளைக்குக் கிட்டக் குனிந்தேன். "மிஸ்டர்?" என்று மட்டும் சொன்னேன். கதவு டக்கென்று திறந்தது.

இத்தாலியில் உதைபந்தாட்டம் பழக்குகிறவரை மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஆட்டம் ஆங்கிலேயரோடு வந்ததால், பழக்கியவரின் மரியாதைச் சொல்லும் அப்படியே ஒட்டிக்கொண்டு விட்டதாக அவரே பிறகு எனக்குச் சொன்னார். ஆங்கிலேயர் போய்விட்டார்கள், சொல் தங்கிவிட்டது. தெருப்பையன்களின் குழுவாக இருந்தாலும் பெரிய குழுவாக இருந்தாலும் பழக்குகிறவர் மிஸ்டர்தான். பெயர் தேவையில்லை. எனக்கு அது மிகவும் வசதியாகப் போயிற்று. மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. என் கணவருடைய பெயரைக்கூட நான் வாயால் சொன்னதில்லை. குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் விரல் அடையாளம் எடுக்கப் போன நாளில், கணவன் பெயர் என்ன என்று பொலிஸ்காரர் கேட்க, நான் பக்கத்தில் நின்ற இவரைக் கையால் காட்டினேன். "அது தெரியுது சிஞ்ஞோரா, பெயர் வேணும்" என்று அவர் சிரித்தார். இவர்தான் தன்னுடைய பெயரைத் தானே சொன்னார். அப்படிப்பட்ட எனக்கு, எழுபத்தைந்து வயது மனிதரைக் கூப்பிட இதைவிட நல்ல சொல் கிடைக்குமா? நாங்கள் இருந்த அல்பெர்கேரியாவிலும் அவர் 'எங்கடை மிஸ்டர்' ஆகிவிட்டார். மிஸ்டருக்குக் காய்ச்சலாம், மிஸ்டர் தோடம்பழம் தந்துவிட்டவராம் என்று மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது பெண்கள் கதைப்பார்கள். அவருடைய உண்மையான பெயரை ஒருவரும் கேட்கவில்லை.

அவரிடம்தான் நான் இத்தாலிய மொழி பழகினேன். அதைவிட, ஆங்கிலச் சொற்கள் இந்த நாட்டுக்கு வந்து என்னவாகிப் போயின என்பதையும் அவரிடம்தான் கண்டேன். முதல் குளிர்காலத்தில், "அந்த கோல்ஃபை எடுத்துத் தா" என்றார். கோல்ஃப் பந்தடிக்கிற விளையாட்டு என்று படித்திருந்தேன். வீடு முழுக்கப் பந்தும் தடியும் தேடினேன். அவர் கதிரையிலிருந்து எழுந்து வந்து, முன்பக்கம் பொத்தான் போட்ட கம்பளிச் சட்டையை அலுமாரியிலிருந்து உருவி, "இதுதான் கோல்ஃப்! உங்கடை ஊரிலை குளிர் இல்லையோ?" என்று கேட்டார். கார் விடுகிற அறை பொக்ஸ். கலியாண மாப்பிள்ளை போடுகிற கறுப்புக் கோட்டு ஸ்மோக்கிங். ஆஸ்பத்திரியில் கட்டுகிற காசு திக்கெட். எல்லாம் தெரிந்த முகங்கள். ஆனால் வேறு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், வேறு சாப்பாடு சாப்பிட்டு, வேறு உடுப்புப் போட்டு வந்து நிற்கிற முகங்கள்.

அவர் சொல்லுகிற விதமும் எனக்குப் பிடிக்கும். அந்தப் பக்கத்து வயதானவர்களுக்கு ஒரு சொல்லை மெய்யெழுத்தில் விட்டுவிட மனம் வராது. வாலில் ஒரு உயிரை ஒட்டிவிடுவார்கள். பார் என்பது பார்ரெ ஆகும், ஃபில்ம் என்பது ஃபில்மெ ஆகும். எங்களுடைய அப்பாவும் பஸ்ஸை பஸ்ஸு என்பார், கப்பைக் கப்பு என்பார். கடல் தாண்டிக் கிடக்கிற இரண்டு ஊர்ச் சனங்கள் ஒரே சொல்லை ஒரே மாதிரிப் பிடித்து ஒரே இடத்தில் வால் வைத்திருக்கிறார்களே என்று நினைக்க எனக்குச் சிரிப்பு வரும். நான் ஆங்கிலத்தில் படித்தபடி சரியாகச் சொன்னால்தான் ஒருவருக்கும் விளங்காது. "கொம்ப்யூட்டர்" என்பேன். விழிப்பார்கள். மிஸ்டர் மொழிபெயர்ப்பார்: "கொம்பியுத்தெர்ரெ!" உடனே எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வரும்.

நான் நிலம் கூட்டும்போது அவர் சோபாவில் இருந்துகொண்டே என்னைப் பழக்குவார். "பிரெஸ்ஸிங்! பிரெஸ்ஸிங்! அந்த மூலையை விட்டிட்டாய். கொர்னெர், கொர்னெர்! மேசையைச் சுத்தித் துரிப்ளிங்!" என்று உதைபந்துத் திடல் சொற்களில் கத்துவார். பெருக்குமாறோடு நான் மேசையைச் சுற்றி வர, கை தட்டுவார். பிறர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிற நான், அந்த வீட்டில் மட்டும் சத்தமாகச் சிரித்திருக்கிறேன்.

மறதி எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. முதலில் கரண்டிக்குச் சொல் வரவில்லை. கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டி, "அது, அது" என்றார். பிறகு கிழமைகளின் பெயர்கள் போயின. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் போயிற்று. ஒருநாள் மதியம், சாப்பிட்டுக் கோப்பை கழுவி வைத்த பிறகு, ஏன் இன்னும் சாப்பாடு தரவில்லை என்று கோபித்தார். நான் திரும்பவும் கொஞ்சம் பாஸ்தா போட்டுக் கொடுத்தேன். ஆச்சரியம் என்னவென்றால், தாய்மொழிச் சொற்கள் ஒவ்வொன்றாக எழும்பிப் போக, அந்த இரவல் சொற்கள் மட்டும் இருந்த இடத்தில் இருந்தன. கதவு என்று சொல்ல வராதபோது கதவைக் காட்டி 'கோல்' என்பார். சூப் சூடாக இருந்தால் 'ஸ்டொப்' என்பார். இளமையில் திடலில் நின்று கத்திய சொற்கள் வேறு எங்கோ ஆழத்தில் போய் விழுந்திருக்க வேண்டும்.

அப்போது தொடங்கியது என்னுடைய பயம். அதற்கு முன்பும் நான் பயந்தவள்தான். ஆனால் இந்தப் பயத்துக்கு முகவரி இருந்தது. என்னுடைய பெர்மெஸ்ஸோ, இங்கே வசிக்கிற அனுமதி, அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை ஒப்பந்தம் இருந்தால் இங்கே வசிக்கலாம். புதுப்பிக்க வேண்டிய காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கணவர் உணவகச் சமையலறையில் செய்த வேலைக்குத் தாள் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கயிறு, அதன் மறுமுனை மிஸ்டரின் கையில். ஊரில் மறுபடி சண்டை தொடங்கியிருந்தது. திரும்பிப் போகிற எண்ணத்தை நாங்கள் வாயால்கூடச் சொல்வதில்லை.

மகள் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் கதைப்பார். ஒருநாள் என்னிடம், "அப்பாவுக்கு இன்னும் வயசு போனால் ஒரு ரெசிடென்ஸ் பாக்கவேணும்" என்றார். ரெசிடென்ஸ்! எவ்வளவு அழகான சொல். பூந்தோட்டமும் வெள்ளைத் திரையும் உள்ள ஏதோ பெரிய வீடு மாதிரி. மச்சாளிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அது கிழடுகளைக் கொண்டுபோய் விடுற இடம். இங்கிலீசிலை பேர் வைச்சால் பிள்ளையளுக்கு மனம் குத்தாது, அதுதான். நான் முந்தி வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவையும் அங்கைதான் கொண்டுபோய் விட்டவை. அடுத்த நாளே எனக்கு வேலை இல்லை. தாளில்லாமல் நான் பட்ட பாடு உனக்குத் தெரியுந்தானே?"

"மகளுக்குச் சொல்லவேணும் மச்சாள். அவர் அடுப்பைக்கூட மறந்து போறார்."

"சொல்லு. சொல்லிப்போட்டு உடுப்பை மடிச்சுப் பெட்டியிலை வை. அவள் கேட்டவளோ? கேக்காததுக்கு ஏன் பதில்? நீ அடுப்பை நிப்பாட்டிப்போட்டுப் பேசாமல் இரு."

நான் சொல்லவும் இல்லை, நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை. ஞாயிறு தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வேன். மிஸ்டர் வாங்கி, "எல்லாம் நல்லம், எல்லாம் நல்லம்" என்று முழங்குவார். மகள் வேறொன்றும் கேட்பதில்லை.

இரண்டாயிரத்து ஏழு, வெயில் சூடேறத் தொடங்கிய காலம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சோபாவில் கண்ணயர்ந்தார். மருந்து முடிந்திருந்தது. தெருமுனை மருந்துக்கடைக்குப் போய் வருவதற்குள் எழும்பமாட்டார் என்று நினைத்தேன். போய் வந்தால் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. தொலைக்காட்சி தானே கதைத்துக்கொண்டிருந்தது. சோபாவில் அவர் தலை வைத்த குழி மட்டும் இருந்தது.

கட்டிலுக்குக் கீழேகூடக் குனிந்து பார்த்தேன். அவ்வளவு பெரிய மனிதர் கட்டிலுக்குக் கீழே எப்படிப் போவார் என்று நினைக்கவில்லை. ஊரில் ஆட்கள் காணாமல் போகும்போது எங்கள் அம்மா கிணற்றடியையும் கோழிக்கூட்டையும் பார்ப்பார். அந்தப் பழக்கம்தான் என் உடம்பிலும் இருந்தது. ஒரு ஆள் இருந்த இடத்தில் இல்லையென்றால், அதற்கு எங்களுக்குத் தெரிந்த கருத்து ஒன்றுதான்.

மச்சாளுக்கும் கணவருக்கும் தொலைபேசினேன்; அவரால் உணவகத்தை விட்டு வர முடியவில்லை. மச்சாள் வேலையை விட்டுவிட்டு, பல்லரோ சந்தையில் தெரிந்த எங்கள் பெண்களையும் சேர்த்துக்கொண்டு தேடப் போனார். சந்தை அப்போது கடை சுருட்டுகிற நேரம். மீன்காரர், ஒலிவ்காரர் எல்லோரையும் நிறுத்தி, "மிஸ்டரைக் கண்டீங்களோ?" என்று கேட்டிருக்கிறார்கள். வேறு எப்படிக் கேட்பார்கள்? ஒருவருக்கும் பெயர் தெரியாதே. "மிஸ்டரோ? கோயில் முற்றத்திலை நிக்கிறாரே, இப்பத்தான் கண்டனான்" என்று ஒலிவ்காரர் சொல்ல, மச்சாள் எனக்குத் தொலைபேசியில், "ஆள் அம்பிட்டிட்டார், வா!" என்று கத்தினார். நான் ஓடினேன். ரயில் நிலையத்தைத் தாண்டி, சந்துகளுக்குள் விழுந்து எழும்பி, கோயில் முற்றத்துக்கு வந்தால், அங்கே சிறுவர்களுக்கு நடுவில் ஊதுகுழலோடு நின்றவர் நாற்பது வயதுகூட இராத ஒரு தாடிக்காரர். எங்கள் பெண்கள் நாலைந்து பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். அவர் பயந்துபோய்க் கைகளை மேலே தூக்கியிருந்தார்.

"இது இல்லை மச்சாள்!"

"மிஸ்டர் எண்டுதானே சொன்னவன்!"

"இது வேறை மிஸ்டர்!"

"எத்தினை மிஸ்டரடி இந்த ஊரிலை?" என்று மச்சாள் அழுவார் போலக் கேட்டார். பந்து உதைக்கிற ஒவ்வொரு முற்றத்துக்கும் ஒருவர் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமும் மரியாதை என்று நினைத்து நாங்கள் பெயரை விட்டுவிட்டோம். இப்போது அவரைத் தேட எங்கள் வாயில் ஒரு பெயரும் இல்லை.

அடுத்து ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தார். வயதான மனிதர் யாரையாவது கொண்டுவந்தார்களா என்று கேட்டேன். பெயர் என்ன என்றார். ஒப்பந்தத் தாளில் மட்டும் கண்டிருந்த அந்தப் பெயரை வாழ்க்கையில் முதல் தரம் நான் சொன்னேன். முதற்பெயர், குடும்பப் பெயர், இரண்டும். நாக்குக் கூசியது. அவர் எழுதவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீங்கள் குடும்பமோ?"

"இல்லை. அவரைப் பாத்துக்கொள்ளுறன்."

"குடும்பத்துக்குத்தான் சொல்லலாம். பிரைவசி இருக்கு சிஞ்ஞோரா."

பிரைவசி. அந்த வருடங்களில் அந்தச் சொல் எல்லாக் கந்தோர்களிலும் புதிதாக வந்து குந்தியிருந்தது. தபாலகத்தில் தரையில் மஞ்சள் கோடு போட்டு, அதற்கு அப்பால் நில்லுங்கள், பிரைவசி என்றார்கள். வங்கியிலும் அதுதான். தனிமை என்று எங்கள் சிஸ்டர் கருத்துச் சொல்லித் தந்த சொல். அதுவரை இந்த நாட்டில் நான் கண்ட ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றும் எனக்குக் கால் வைக்கக் கல்லாக இருந்தது. இது மட்டும் கதவாக வந்து முகத்தில் சாத்தியது. அந்தப் பெண் பொல்லாதவர் இல்லை. "மகன், மகள் ஆராவது இருந்தால் எடுக்கச் சொல்லுங்கோ. உடனே சொல்லுவன்" என்று மெதுவாகத்தான் சொன்னார்.

வெளியே வந்து மதிலோரம் நின்றேன். மகள் கேட்டால்தான் சொல்வார்கள். மகள் கேட்கவேண்டுமென்றால் நான் மகளுக்குச் சொல்லவேண்டும். அதைச் சொன்னால் கரண்டியிலிருந்து அடுப்பு வரை எல்லாவற்றையும் சொல்லவேண்டும். பிறகு ரெசிடென்ஸ். பிறகு குவெஸ்தூராவின் நீண்ட வரிசை. ஒப்பந்தம் எங்கே என்று கேட்கிற கை. மச்சாள் என் தோளைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் தேடிப் பாப்பம். இருட்ட முந்தி வந்திடுவார்" என்றார். தெருவில் வாகனங்கள் இரைந்துகொண்டு போயின. ஒவ்வொன்றின் முன்னாலும் மிஸ்டர் இறங்குகிறது எனக்குத் தெரிந்தது. காலில் வீட்டுச் செருப்போடு, யாருக்கோ 'ஸ்டொப்' என்று கை காட்டிக்கொண்டு.

நான் மகளுக்கு எடுத்தேன்.

எப்படிச் சொன்னேனோ தெரியாது. இறந்தகாலம், நிகழ்காலம் எல்லாம் கலந்து, மூச்சு விடாமல் சொன்னேன். மகள், "அங்கையே நில்லுங்கோ. ஆஸ்பத்திரியை நான் கேக்கிறன்" என்றார். சிறிது நேரத்தில் திரும்பவும் எடுத்தார். ஆஸ்பத்திரியில் இல்லை. "திடலைப் பாத்தீங்களோ?" என்று கேட்டார்.

"எந்தத் திடல்?"

"இப்ப அது திடல் இல்லை. ஆற்றுப் பக்கம் பெரிய கடை ஒண்டு கட்டியிருக்கினமல்லோ, அதின்ரை கார் தரிப்பிடம். நான் சின்னனிலை அங்கைதான் அவரைத் தேடிப் போறது."

அவர் அங்கேதான் நின்றார். வெயில் சாய்ந்து, கார்களின் கண்ணாடிகள் எரிந்துகொண்டிருந்தன. அந்த வெக்கையில் கோல்ஃபைக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு, வெள்ளைக் கோடு ஒன்றின் மேல் நின்று, பின்னால் வருகிற கார் ஒன்றுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி, சீருடை போட்ட காவல்காரர் ஒருவர் என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சீருடையைக் கண்டதும் என் கால்கள் நின்றுவிட்டன. அது எனக்கு எந்த நாட்டிலும் நடக்கும். மச்சாள் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

"மிஸ்டர்" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். கண்ணில் என்னைத் தெரியவில்லை. ஆனால் கோபம் இருந்தது.

"இப்பவோ வாறது? எல்லாரும் வந்து எவ்வளவு நேரம்! போ, ஒரு சுத்து ஓடிப்போட்டு வா."

"மிஸ்டர், வீட்டை போவம்."

"ஓடாமல் ஒருத்தரும் வீட்டை போறேல்லை!"

காவல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். பைகளோடு போன சனம் நின்று பார்த்தது. கையில் இன்னும் மருந்துப் பை. காலில் சந்தைச் சேறு படிந்த செருப்பு. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியிலேயே ஓடாதவள் நான். ஆட்கள் பார்த்தால் தெருவைக் கடக்கவே கூசுகிறவள். மச்சாளிடம் பையைக் கொடுத்தேன். ஓடினேன். கார்களுக்கு இடையால், பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தத் தரிப்பிடத்தை ஒரு முழுச் சுற்று. பின்னால் அவருடைய குரல் துரத்திக்கொண்டு வந்தது: "கொர்னெரை வெட்டாதை! கொர்னெரை வெட்டாதை!" மச்சாள் சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. "எடியே விழுந்து போடாதை!" என்று தமிழில் கத்தினார்.

மூச்சு வாங்க வந்து முன்னால் நின்றேன். அவர் என் தலையில் கை வைத்து, "நல்லம். இப்ப போகலாம்" என்றார். கையைப் பிடித்தேன். குழந்தை போல வந்தார்.

மகள் மறுநாள் விமானத்தில் வந்தார். நான் விடியற்காலையே வீட்டைப் பளிங்கு போலத் துடைத்துவிட்டு, சாவியைச் சமையலறை மேசையில் எடுத்து வைத்திருந்தேன். கேட்டால் தேடக்கூடாது என்று. கணவர் முதல் நாள் இரவு, "வாறது வரட்டும்" என்று சொல்லியிருந்தார்.

கூடத்தில் மகளின் குரல் கேட்டது. "பப்பா." நான் கோப்பி போடுகிற பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு அசையாமல் நின்றேன். மிஸ்டர் மிகவும் மரியாதையாக, எழும்பி நின்று கதைக்கிற குரலில் சொன்னார்: "பிள்ளையை விட்டிட்டுப் போங்கோ சிஞ்ஞோரா. ஆறு மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போகலாம். பூட்ஸ் கொண்டு வந்தவனோ?"

மகள் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். ஐம்பது வயதுப் பெண். நல்ல உடுப்பு, நல்ல சப்பாத்து. அலுமாரியில் சாய்ந்து நின்று சத்தமில்லாமல் அழுதார். கோப்பி பொங்கியது. நிறுத்தினேன். சாவியை அவர் பக்கமாக மெல்லத் தள்ளினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"போகப்போறீங்களோ?"

"நீங்கள் போகச் சொல்லுவீங்கள் எண்டு..."

"நானோ?" என்றார். கண்ணைத் துடைத்தார். "ஒரு வருசமாய் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையிலை என்ரை பேரை அவர் சொல்லுறேல்லை. எல்லாம் நல்லம் எண்டு மட்டும் சொல்லுவார். உங்களைக் கேட்டால் நீங்கள் உண்மை சொல்லுவீங்கள். உண்மை சொன்னால், பிறகு இதெல்லாம் ஏலாது எண்டு விட்டிட்டுப் போயிடுவீங்கள். உங்களுக்கு முந்தி அம்மாவைப் பாக்க வந்த ரெண்டு பேரும் அப்பிடித்தான் போனவை. அதுதான் நான் கேக்கேல்லை. தொலைபேசியை வைச்சிட்டு ஒவ்வொரு ஞாயிறும் அதிலேயே கை வைச்சுக்கொண்டு இருப்பன்."

மிலானில் ஒரு கை, பலெர்மோவில் ஒரு கை. ஒரே மணியின் இரண்டு முனையில் இரண்டு பெண்கள் ஒருவருக்கு ஒருவர் பயந்துகொண்டு இருந்திருக்கிறோம். அவர் சாவியை எடுத்து என் கையில் வைத்து, என் விரல்களை மூடினார். பெர்மெஸ்ஸோவுக்கு என்ன என்ன தாள் வேண்டும் என்று தானாகவே கேட்டார். நான் அதை ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

மிஸ்டர் அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் இருந்தார். கதவுக்கு மேல் பூட்டுப் போட்டோம். பின்னேரங்களில் மச்சாளும் வந்து நிற்பார். அவரை ரெசிடென்ஸுக்குக் கொண்டு போகவில்லை. இப்போது நான் வியா மக்வேதா தெருவில் ஒரு கடையின் பின்னறையில் துணி மடிக்கிறேன். இங்கே வேலைக்கு வருகிற இளம் பெண்கள் பாதிப் பேச்சை ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். ஒவ்வொரு மாதமும் கடைக்கண்ணாடியில் புதிதாக ஒரு சொல் ஒட்டுகிறார்கள். எனக்கு முன்போல அவற்றைக் கண்டதும் துணிவு வருவதில்லை. எது கல், எது கதவு என்று கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். தொலைபேசி அடித்தால் இன்றைக்கும் உடனே கை போகாது. ஆனால் எடுத்துவிடுகிறேன்.

மகள் வந்த அந்தக் காலையில், சாவியை என் கையில் வைத்த பிறகு, அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு, கதவைத் திறக்க முன்பு, "நீங்கள் அவரை என்னெண்டு கூப்பிடுறனீங்கள்?" என்று கேட்டார்.

"மிஸ்டர்."

"நான் ஒருநாளும் அப்பிடிக் கூப்பிட்டதில்லை. சின்னனிலை அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்காது. ஊர்ப் பெடியள் எல்லாரும் அதைச் சொல்லி அவரை என்னட்டையிருந்து பறிச்சுக்கொண்டு போறது மாதிரி இருக்கும்."

கூடத்துக்குப் போனார். நான் கோப்பித் தட்டோடு பின்னால் போனேன். மிஸ்டர் சன்னலடியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஒரு தரம் வாயைத் திறந்து மூடினார். பிறகு சொன்னார்.

"மிஸ்டர்."

அவர் திரும்பினார். முகம் மலர்ந்தது. "ஆ, நீயோ! வந்திட்டியோ?" என்றார். யாரென்று நினைத்தாரோ, எந்த வருடத்துப் பையன் என்று நினைத்தாரோ, அது எங்களுக்குத் தெரியாது. சோபாவில் தனக்குப் பக்கத்தில் கையால் தட்டிக் காட்டினார். "இப்ப இதிலை இரு. ரெண்டாம் பாதியிலை உன்னை இறக்குறன்."

மகள் போய் இருந்தார். கைப்பையை மடியில் வைத்து, முழங்கால்களைச் சேர்த்து, முதுகை நிமிர்த்தி. தன்னுடைய முறை வரும் என்று காத்திருக்கிற ஆட்டக்காரரைப் போல இருந்தார். நான் கோப்பியைப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டு, மதியம் வரை அப்படியே இருந்தார்.